ஏற்காட்டின் கதையை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஹேஸ்' எங்கே, 'ஹேட்' எங்கே?

ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்தும் வாசகி கேட்டிருக்கிறார். வருகிற விருந்தினர்கள் படிக்க, மலையின் வரலாற்றை நாலு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி அறையில் வைக்கப் போகிறாராம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான மாமனார், "எல்லாம் நடந்து முடிஞ்ச கதை, மொத்தத்தையும் பாஸ்ட் டென்ஸ்ல போடும்மா" என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகளோ, "பிரசன்ட்ல எழுதினாத்தான் உயிரோட்டமா இருக்கும், வீடியோல எல்லாம் அப்படித்தானே சொல்றாங்க" என்கிறாள். இரண்டு பேரையும் கேட்டு எழுதியதில் ஒரே பத்திக்குள் மூன்று விதமான காலம் வந்து நிற்கிறது, எதை வைப்பது எதை எடுப்பது என்பது கேள்வி. அவர் அனுப்பிய பத்தியைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

'காக்பர்ன் ஹேஸ் ப்ராட் காபி டு ஏற்காடு இன் தி 1820ஸ். ஹி ஹேட் ஸர்வ்ட் ஆஸ் கலெக்டர் ஆஃப் சேலம். தி பிரிட்டிஷ் பில்ட் பங்களாஸ் ஆன் தி ஹில். ஏற்காடு வாஸ் எ ஹில் ஸ்டேஷன் இன் தி ஈஸ்டர்ன் காட்ஸ்.'

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மாமனார் சொல்வது முக்கால்வாசி சரி. மகள் சொல்வதும் தப்பில்லை, ஆனால் அது வேறு வகை எழுத்துக்கு உரியது, உங்கள் நாலு பக்கத்துக்கு ஒத்துவராது. சாதாரண இறந்தகாலத்தை, அதாவது 'ப்ராட்', 'பில்ட்', 'வாஸ்', 'கேம்' மாதிரி ஒற்றைச் சொல் வினையை, தரையாக வைத்துக்கொள்ளுங்கள். அதை விட்டு வேறு காலத்துக்குப் போக ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரே கேள்விதான்: நான் சொல்லும் இந்த விஷயம் அன்றோடு முடிந்ததா, இல்லை இதை எழுதும் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறதா?

இப்போது முதல் வாக்கியத்துக்கு வருவோம், ஏனென்றால் சேலத்தில் நான் திருத்தும் ஆங்கிலக் கட்டுரைகளில் பத்துக்கு எட்டில் இந்த 'ஹேஸ்' தான் இடறுகிறது. இது கவனக்குறைவால் வருவதில்லை. தமிழில் நாம் சரியாகப் பேசுகிறோம், அதே சரியை அப்படியே தூக்கிக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போகிறோம், அங்கே அது தப்பாகிவிடுகிறது. '1820-களில் காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்திருக்கிறார்' என்று தமிழில் சொன்னால் ஒரு குறையும் இல்லை. நாம் நேரில் பார்க்கவில்லை, படித்தோ கேட்டோ தெரிந்துகொண்டு சொல்கிறோம் என்ற தொனி அந்த 'இருக்கிறார்' என்பதற்குள் இருக்கிறது. கூடவே ஆண்டையும் சொல்லலாம், தமிழ் தடுக்காது. ஆங்கிலத்தின் 'ஹேஸ் ப்ராட்' அப்படி இல்லை. அது இன்றைய நிலையைப் பேசும் வடிவம், முடிந்துபோன ஒரு காலத்தின் பெயரை, ஆண்டையோ தேதியையோ 'நேற்று' என்பதையோ, பக்கத்தில் வைத்துக்கொள்ளாது. எனவே 'இன் தி 1820ஸ்' வந்தவுடன் 'ஹேஸ்' போய்விட வேண்டும்: 'காக்பர்ன் ப்ராட் காபி டு ஏற்காடு இன் தி 1820ஸ்.' இதேபோல இந்தியாவிலேயே முதன்முதலாக ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கைக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1-இல். அதை எழுதும்போது 'ப்ரொஹிபிஷன் ஹேஸ் பீன் இன்ட்ரொட்யூஸ்ட்' என்று தொடங்கிவிட்டுக் கடைசியில் தேதியைப் போடுகிறவர்கள் நிறையப் பேர். தேதி இருக்கிறதா, 'வாஸ் இன்ட்ரொட்யூஸ்ட்', அவ்வளவுதான்.

அதற்காக 'ஹேஸ்' என்பதையே வெட்டி எறிந்துவிடாதீர்கள், உங்கள் கட்டுரையில் அதற்கு ஓர் அருமையான இடம் இருக்கிறது. காக்பர்ன் கொண்டுவந்த காபி அன்றோடு நின்றுவிடவில்லை, உங்கள் விடுதி ஜன்னலைத் திறந்தால் தெரிவது அதே பயிர்தான். அன்று தொடங்கி இன்று வரை ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றுக்குத்தான் 'ஹேஸ்': 'காபி ஹேஸ் பீன் க்ரோன் இன் ஏற்காடு சின்ஸ் தி 1820ஸ்.' ஆண்டு அதேதான், ஆனால் 'இன்' போய் 'சின்ஸ்' வந்திருக்கிறது. 'இன்' என்றால் அந்த ஆண்டுக்குள் நடந்து முடிந்தது, 'சின்ஸ்' என்றால் அந்த ஆண்டிலிருந்து இன்று வரை. வினையைப் பார்த்துக் குழம்புவதை விட இந்தச் சின்னச் சொல்லைப் பார்த்து முடிவெடுப்பது சுலபம்.

அடுத்தது 'ஹேட்'. 'ஹி ஹேட் ஸர்வ்ட் ஆஸ் கலெக்டர்' என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்பப் பழைய விஷயம் என்பதற்காக 'ஹேட்' போடும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது, நேற்று வந்தவரைக்கூட 'ஹி ஹேட் கம் யெஸ்டர்டே' என்கிறோம். பழசுக்கும் 'ஹேட்' என்பதற்கும் சம்பந்தமே இல்லை, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சோழனுக்கும் வெறும் 'வாஸ்' போதும். கட்டுரை ஏற்கெனவே கடந்த காலத்தில் ஒரு புள்ளியில் நிற்கும்போது, அங்கிருந்து இன்னும் பின்னால் திரும்பிப் பார்க்கத்தான் 'ஹேட்'. ராஜாஜி 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார், 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானார். இந்த வரிசையிலேயே எழுதினால் இரண்டுமே 'பிகேம்', 'ஹேட்' எங்கேயும் வராது. 1937-ஐ முதலில் சொல்லிவிட்டுப் பின்னால் போனால்தான் அது வேண்டும்: 'பை தி டைம் ராஜாஜி பிகேம் ப்ரீமியர் இன் 1937, ஹி ஹேட் ஆல்ரெடி ஸர்வ்ட் ஆஸ் சேர்மன் ஆஃப் சேலம் முனிசிபாலிட்டி.'

பின்னோக்கிச் சொல்லும் கதை நீளமாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வரிக்கு வரி 'ஹேட்', 'ஹேட்', 'ஹேட்' என்று போனால் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும். முதல் வினையில், மிஞ்சினால் இரண்டாவதிலும், 'ஹேட்' போட்டு இது முந்தைய கதை என்று காட்டிவிடுங்கள், அப்புறம் சாதாரண இறந்தகாலத்திலேயே ஓட்டலாம். திரும்பி வரும்போது ஒரு ஆண்டைச் சொல்லிவிட்டால் வாசகரும் கூடவே வந்துவிடுவார். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' மாதிரிச் சொல் இருந்து முன்பின் தெளிவாகத் தெரிகிறதென்றால் பெரும்பாலும் 'ஹேட்' தேவையே இல்லை.

உங்கள் பத்தியில் காக்பர்ன் காபி கொண்டுவந்தபோது கலெக்டராகத்தான் இருந்தார், 1820-இலிருந்து 1829 வரை அந்தப் பதவி அவரிடம்தான். 'ஹேட் ஸர்வ்ட்' என்று போட்டால் பதவியெல்லாம் முடிந்து ஊருக்குப் போகிற வழியில் காபி விதையைத் தூவிவிட்டுப் போனார் என்ற அர்த்தம் வந்துவிடும். இலக்கணப் பிழை என்று இதை ஒதுக்க முடியாது, வரலாறே மாறிப்போகிறது. காலத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

மூன்றாவது வாக்கியத்தில் ஒன்றும் சொல்வதற்கில்லை, அப்படியே இருக்கட்டும்.

கடைசி வாக்கியத்தில்தான் மாமனாரின் கால் பங்குத் தவறு. 'ஏற்காடு வாஸ் எ ஹில் ஸ்டேஷன்' என்றால் இப்போது இல்லை என்று ஆகிறது, அதைப் படிக்கிற விருந்தினர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அதே ஊரில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! மலை இருக்கிறது, ஏரி இருக்கிறது, சேர்வராயன் கோயில் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் 'இஸ்', 'ஸ்டாண்ட்ஸ்', 'லைஸ்' தான். வரலாற்றுக் கட்டுரைக்குள் நிகழ்காலம் வரவே கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒரே வாக்கியத்துக்குள்கூட இரண்டும் வரலாம், வந்தால்தான் சரியாகவும் இருக்கும். ராஜாஜி 1878-இல் பிறந்த தொரப்பள்ளி அப்போது சேலம் மாவட்டம். 1965-இல் தருமபுரி தனி மாவட்டமானது, 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது, தொரப்பள்ளி இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இப்படி: 'ராஜாஜி வாஸ் பார்ன் இன் தொரப்பள்ளி, விச் வாஸ் தென் இன் சேலம் டிஸ்ட்ரிக்ட் அண்ட் இஸ் நவ் இன் கிருஷ்ணகிரி.' 'தென்', 'நவ்' இரண்டையும் எழுதிவிடுங்கள். மாவட்ட எல்லை பலமுறை மாறிய நம் பக்கத்து வரலாற்றில் இந்த இரண்டு சொல்லும் இல்லாவிட்டால் வெளியூர்க்காரருக்குத் தலைகால் புரியாது.

நிகழ்காலம் நியாயமாக வரும் இன்னொரு இடம், பழைய ஆவணமும் பழைய பொருளும் நமக்குச் சொல்வதைச் சொல்லும்போது. லெ ஃபனு சேலம் மாவட்டக் கையேட்டை 1883-இல் வெளியிட்டார், அது நடந்து முடிந்தது, எனவே 'பப்ளிஷ்ட்'. ஆனால் அந்தப் புத்தகத்தை இன்றைக்கு நீங்கள் திறந்தாலும் பக்கம் அதையேதான் சொல்கிறது, எனவே 'லெ ஃபனு டிஸ்க்ரைப்ஸ்', 'தி மேனுவல் சேஸ்' என்று எழுதலாம். இறந்தகாலத்தில் 'டிஸ்க்ரைப்ட்' என்று போட்டாலும் குற்றமில்லை, வரலாற்றுத் துறையில் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதிலேயே போங்கள். ராபர்ட் புரூஸ் ஃபுட், கடைசிக் காலத்தில் உங்கள் ஏற்காட்டில் வாழ்ந்தவர், 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதை எழுதினால் 'ஃபுட் ஃபவுண்ட் தி டூல் இன் 1863' என்று கண்டெடுத்தது இறந்தகாலம், 'தி டூல் ஷோஸ் தட் பீப்பிள் லிவ்ட் தேர்' என்று அந்தக் கல் காட்டுவது நிகழ்காலம், அங்கே மனிதர்கள் வாழ்ந்தது மறுபடி இறந்தகாலம். மூன்று வினையும் அதனதன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்.

சினிமா, நாவல் கதையைச் சொல்வதற்கும் இதே வழிதான். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தானே உங்கள் விருந்தினர்கள் மேலே வருகிறார்கள், அதைப் பற்றி எழுதாமல் இருக்க மாட்டீர்கள். அந்த நிறுவனம் 1956-இல் அலிபாபா கதையை வண்ணத்தில் 'மேட்', ஆனால் படத்துக்குள் அலிபாபா குகையை 'டிஸ்கவர்ஸ்'. வளைவு இன்னும் 'ஸ்டாண்ட்ஸ்'.

சரி, மகள் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். முடிந்த கதையை நிகழ்காலத்தில் சொல்வது ஆங்கிலத்தில் உள்ள வழக்கம்தான், அவள் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை. ஆவணப்படக் குரல், மேடைப் பேச்சு, வீடியோ எல்லாவற்றிலும் கேட்கலாம். தமிழில் நாமும் '1937-இல் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவருகிறார்' என்று சகஜமாகப் பேசுகிறோம், அடுத்த வரியிலேயே 'மக்கள் வரவேற்றார்கள்' என்று மாறினாலும் கேட்பவர் கண்டுகொள்வதில்லை. ஆங்கிலத்தில் அச்சில் படிப்பவர் உடனே கண்டுகொள்வார். அங்கே நிகழ்காலத்தில் இறங்கினால் கட்டடத்தின் எல்லா மாடியும் ஒரு படி நகர்ந்துவிடுகிறது: 'ப்ராட்' இருந்த இடத்துக்கு 'ப்ரிங்ஸ்' வரும், 'ஹேட்' இருந்த இடத்துக்குச் சாதாரண இறந்தகாலமோ 'ஹேஸ்' என்பதோ வரும், பிறகு நடக்கப்போவதற்கு 'வில்' வரும்.

1944 ஆகஸ்டில் சேலத்தில் நடந்த நீதிக்கட்சி மாநாட்டை எடுத்துக்கொள்வோம், கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என்று மாறியது அங்கேதான். நிகழ்காலத்தில் சொன்னால்: 'இட் இஸ் ஆகஸ்ட் 1944. தி பார்ட்டி, விச் பிகேன் இன் 1916, டேக்ஸ் எ நியூ நேம் இன் சேலம். ஃபைவ் இயர்ஸ் லேட்டர் இட் வில் ஸ்ப்ளிட்.' அதையே இறந்தகாலத்தில் சொன்னால் 'டேக்ஸ்' என்பது 'டுக்' ஆகும், 'வில் ஸ்ப்ளிட்' என்பது 'வுட் ஸ்ப்ளிட்' ஆகும், வெறும் 'ஸ்ப்ளிட்' என்றாலும் சரியே. முதல் வடிவத்தில் ஒரு வேகம் இருப்பது உண்மை. ஒரு மாநாடு, ஒரு நாள், ஒரு சம்பவம் என்றால் அந்த வேகம் நன்றாகவே இருக்கும். உங்களுடையதோ இருநூறு வருடக் கதை. அதற்குள் 'வாஸ் தென்', 'இஸ் நவ்' என்று அன்றையதையும் இன்றையதையும் அடிக்கடி பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அன்றையதற்கும் நிகழ்காலம், இன்றையதற்கும் நிகழ்காலம் என்றால் எது இப்போதும் இருக்கிறது என்று விருந்தினர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இடிந்துபோன பங்களாவைத் தேடிக்கொண்டு காலையில் கிளம்பிவிடுவார்.

ஆனால் மகளின் யோசனைக்கு விடுதியிலேயே பொருத்தமான இடம் உண்டு. வரவேற்பறைச் சுவரில் ஆண்டுவரிசைப் பலகை வைப்பதாக எழுதியிருந்தீர்கள், அதை அவளிடமே கொடுங்கள். ஆண்டைப் போட்டுப் பக்கத்தில் ஒரு வரி எழுதும் பட்டியலுக்கு நிகழ்காலம்தான் வழக்கம்: '1934: மேட்டூர் டாம் இஸ் கம்ப்ளீட்டட்.' பழைய புகைப்படத்துக்குக் கீழே எழுதும் வரிக்கும் அப்படியே, 'வொர்க்கர்ஸ் பிக் காபி' என்று படத்தில் தெரிவதை நிகழ்காலத்தில் சொல்லிவிட்டு, எந்த ஆண்டு எங்கே எடுத்தது என்பதைத் தனி வரியில் 'வாஸ் டேக்கன்' என்று முடிக்கலாம்.

இதையெல்லாம் வைத்து உங்கள் பத்தியைத் திருத்தியிருக்கிறேன், வாக்கிய வரிசையையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்:

'ஏற்காடு இஸ் எ ஹில் ஸ்டேஷன் இன் தி ஈஸ்டர்ன் காட்ஸ். காக்பர்ன், ஹூ வாஸ் கலெக்டர் ஆஃப் சேலம் ஃப்ரம் 1820 டு 1829, ப்ராட் காபி ஹியர், அண்ட் இட் ஹேஸ் பீன் க்ரோன் ஆன் தீஸ் ஸ்லோப்ஸ் எவர் சின்ஸ். தி பிரிட்டிஷ் பில்ட் பங்களாஸ் ஆன் தி ஹில்.'

பங்களாக்களில் எவை இன்னும் நிற்கின்றன என்பது உங்களுக்குத்தான் தெரியும். நிற்பவற்றை மட்டும் 'சம் ஆஃப் தெம் ஸ்டில் ஸ்டாண்ட்' என்று தொடங்கிப் பெயரோடு அடுத்த வரியில் சேருங்கள். மீதி மூன்றரைப் பக்கத்தைத் திருத்தும்போது மாமனாரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், ஆண்டு வரும் இடத்திலெல்லாம் மகள் பென்சிலால் கோடு போடட்டும், கோடு போட்ட வாக்கியத்தில் 'ஹேஸ்' இருந்து 'சின்ஸ்' இல்லையென்றால் அதை மட்டும் முதலில் மாற்றுங்கள்.