வீட்ல 7 பேர், மிட்சைஸ் எஸ்யூவி வாங்கினா ஆளும் லக்கேஜும் சேர்ந்து போக முடியுமா?

நாங்க தர்மபுரி. அப்பா அம்மா, நான், வீட்டுக்காரி, ரெண்டு பசங்க, எங்க போனாலும் கூட வர்ற அத்தை, ஆக ஏழு பேர். செவன் சீட்டர் எடுத்து மூணு வருஷம் ஆச்சு, அதனால நேராவே சொல்லிடறேன், ஏழு பேர் உக்காரலாம், ஆனா ஏழு பேரோட மூட்டை முடிச்சுக்கு இடம் இருக்காது.

ஷோரூம்ல டிக்கிய தொறந்தா பெருசா தெரியும், ஏன்னா பின்சீட்ட மடிச்சு வச்சிருப்பாங்க. நானும் அத பாத்துட்டு தான் வாங்கினேன். முத மாங்கா சீசன்ல பெங்களூர்ல இருக்க தங்கச்சி வீட்டுக்கு கெளம்பினோம், ரெண்டு கிரேட் செந்தூரா, எல்லாரோட துணி பை. ஏழு பேரும் ஏறின அப்புறம் பாத்தா மூணாவது சீட்டுக்கும் பின்கதவுக்கும் நடுவுல ஸ்கூல் பேக் ரெண்டு நிமித்தி வைக்கலாம், அவ்ளோ தான், கிரேட் குறுக்க கூட எறங்கல. அத்தை மெதுவா எறங்கி "பரவால்லப்பா, நான் பஸ்ஸுல வந்துடறேன்"னாங்க பாருங்க, எனக்கு மனசே ஆடிப்போச்சு. ரெண்டு கிரேட்டையும் பக்கத்து வீட்ல குடுத்துட்டு அத்தைய ஏத்திக்கிட்டு தான் போனோம்.

டிக்கில எவ்ளோ இடம்னு லிட்டர் கணக்கு பாக்கறப்ப எந்த சீட் நிமிர்ந்திருக்குன்னு கேளுங்க. 2021ல வந்த டாடா சஃபாரில எல்லா சீட்டும் நிமிர்ந்திருந்தா 73 லிட்டர், கடைசி சீட்ட மடிச்சா 447. ஹூண்டாய் அல்கஸார் எல்லா சீட்டோட 180. கியா காரன்ஸ் 216, டொயோட்டா இன்னோவா ஹைக்ராஸ் 300, இது ரெண்டும் எஸ்யூவி கணக்குல வராது, ஆனா ஏழு பேரோட பை வைக்கணும்னா இதுங்க தான் தேவல. அஞ்சு பேர் போற ஹூண்டாய் கிரெட்டாலயே 433 இருக்கு.

மூணாவது சீட்ல தரை மேல ஏறி வரும், சீட் தாழ்வா இருக்கும், பெரியவங்க உக்காந்தா முட்டி தூக்கிக்கிட்டு தொடைக்கு அடில ஒண்ணுமே தாங்காது. ஒகேனக்கல் வரைக்கும் ஓகே, திருப்பதி வரைக்கும்னா இடுப்பு போயிடும். எங்க அம்மா புடவையோட நடு சீட்ட மடிச்சு தாண்டி ஏற முடியாம கஷ்டப்பட்டாங்க, அதனால அங்க பசங்க தான். கேப்டன் சீட், அதாவது நடு வரிசைல தனித்தனியா ரெண்டு சீட் எடுத்தா நடுவுல நடந்து போலாம், ஆனா அப்ப ஆறு பேர் தான்.

இன்னொண்ணு, இடம் இல்லன்னு ஹெட்ரெஸ்ட்டுக்கு மேல பைய அடுக்காதீங்க. தொப்பூர் எறக்கத்துல சடன் பிரேக் போட்டா அதெல்லாம் பின்னாடி உக்காந்திருக்க கொழந்தைங்க தலைல தான் விழும். கனமானத அடில, சீட் முதுகோட ஒட்டி வைங்க. ஃபுல் லோடுக்கு எவ்ளோ காத்துன்னு டிரைவர் கதவு பக்கத்து ஸ்டிக்கர்ல பாத்து கெளம்பறதுக்கு முன்னாடியே அடிச்சிடுங்க.

வாங்கப் போறப்ப வீட்ல இருக்க பெரிய சூட்கேஸையும் அம்மாவையும் கூட கூட்டிட்டு போங்க. எல்லா சீட்டையும் நிமித்த சொல்லி, அம்மாவ பின்னாடி ஏற சொல்லி, அப்புறம் சூட்கேஸ வச்சு கதவ மூடி பாருங்க. சேல்ஸ் தம்பி அவசரப்படுத்தினாலும் விடாதீங்க.

மாசத்துல ஒரு தடவ தான் ஏழு பேர்னா எஸ்யூவியே எடுங்க, மத்த நாள் பின்சீட்ட மடிச்சு வச்சுக்கலாம். வாரா வாரம் ஏழு பேர்னா ஹைக்ராஸ் மாதிரி நீளமான வண்டிக்கு போயிடுங்க.