மன்னிப்பே கேட்காத அண்ணனை எப்படி மன்னிப்பது?

கேள்வி: எனக்கு வயது 51. அம்மா படுக்கையில் கிடந்த கடைசி இரண்டு வருடமும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அவர் இறந்த பிறகு, "பணத்துக்காகத்தானே பார்த்துக்கொண்டாய்" என்று உறவினர்கள் முன்னாலேயே அண்ணன் கேட்டுவிட்டார். 7 வருடமாகப் பேச்சு இல்லை. இன்றும் விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்தால் அந்த வார்த்தைதான் ஓடுகிறது. பாத்திரம் கழுவும்போதுகூட மனதுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலையில் தாடை வலிக்கிறது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பதாகப் பல் மருத்துவர் சொன்னார். ரத்த அழுத்தம் 150/96 இருந்ததால் 6 மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். "மன்னித்துவிடு, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்கள். மன்னிப்பே கேட்காதவரை எப்படி மன்னிப்பது?

பதில்: முதலில் மாத்திரை விஷயம். மன்னித்தால் பிரஷர் இறங்கிவிடும் என்று நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள். இந்த வயதில் பிரஷர் ஏற வயது, பரம்பரை, உப்பு, எடை, மாதவிடாய் நிற்கும் கட்டம் என்று பல காரணங்கள் உண்டு. எல்லாப் பழியையும் அண்ணன் தலையில் போட முடியாது.

ஆனால் அந்த நினைப்புக்கும் உடம்புக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் பதில் சொல்லும்போது அண்ணன் அங்கே இல்லை. அது உங்கள் உடம்புக்குத் தெரியாது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. அமெரிக்காவின் ஹோப் கல்லூரியில் சார்லட் விட்வ்லியட் என்ற உளவியலாளர் 71 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2001-ல் வெளியிட்டார். தங்களைப் புண்படுத்தியவரை வன்மத்தோடு நினைத்தபோது அவர்களுடைய இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின, புருவத் தசை இறுகியது. அவரையும் ஒரு மனிதராகப் பார்த்து மன்னிப்பதாக நினைத்தபோது அந்த அளவுக்கு ஏறவில்லை. நினைப்பை நிறுத்திய பிறகும் துடிப்பின் வேகம் உடனே அடங்கவில்லை. இது அந்த நேரத்து ஏற்றம்தான். நிரந்தர பிரஷர் நோய்க்கு இதுவே காரணம் என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை முறை அண்ணனுக்குப் பதில் சொல்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, மன்னிப்புக்கு வருவோம். அந்த ஒரு சொல்லில் நாம் பல விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மன்னிப்பது என்றால் அவர் சொன்னது நியாயம் என்று ஒப்புக்கொள்வது இல்லை. மறப்பதும் இல்லை. மறுபடி போய்ப் பேச வேண்டும் என்பதும் இல்லை. நாளைக்கு அவர் வந்து இன்னொரு முறை அவமானப்படுத்துவார் என்று தோன்றினால் தள்ளியே இருங்கள், தப்பில்லை. அவர் மன்னிப்புக் கேட்டால்தான் ஆகும் என்று இருந்தால், உங்கள் தூக்கம் அவர் வாய் திறப்பதற்காகக் காத்துக்கிடக்க வேண்டியதுதான். 7 வருடம் காத்தது போதாதா?

எவரெட் வொர்திங்டன் என்ற உளவியலாளர் மன்னிப்பை இரண்டாகப் பிரிக்கிறார். பழிவாங்கப் போவதில்லை என்று முடிவெடுப்பது ஒன்று. கசப்பு குறைவது இன்னொன்று. முடிவை ஒரே நாளில் எடுக்கலாம். கசப்பு அதன் பாட்டுக்கு மெதுவாகத்தான் குறையும். இவர் ஏட்டறிவோடு நின்றவர் இல்லை. வீட்டுக்குள் திருட வந்தவனால் இவருடைய தாயே கொல்லப்பட்டார்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம் வேறு. அந்த வார்த்தை பணத்தைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அது தொட்டது நீங்கள் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்த இரவுகளை. அம்மா போன துக்கத்தை அழுது தீர்ப்பதற்குள், உங்களை நிரூபிக்கிற வேலை வந்து சேர்ந்துவிட்டது. பாத்திரம் கழுவும்போது நீங்கள் சொல்கிற பதில் அண்ணனுக்குத்தானா, இல்லை அம்மாவுக்கா? யோசித்துப் பாருங்கள்.

அதனால் எழுதச் சொல்கிறேன். நான்கு நாள், தினம் 15 நிமிடம். அண்ணன் சொன்னதை எழுத வேண்டாம். அது உங்களுக்கு மனப்பாடம். அந்த இரண்டு வருடத்தை எழுதுங்கள், சலித்துக்கொண்ட நாட்களையும் சேர்த்து. யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. எழுதிய உடனே மனசு இன்னும் கனத்துப்போகலாம், அது வழக்கம்தான். படுக்கப்போகும் முன் மட்டும் எழுதாதீர்கள்.

3 மணி விழிப்புக்கு: கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். நினைப்பை விரட்டாதீர்கள், விரட்ட விரட்ட அதுதான் வரும்.

பிரஷரைக் காலையும் மாலையும் வீட்டிலேயே ஒரு வாரம் அளந்து எழுதிவையுங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, பேசாமல் அளக்க வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் கையில் பட்டையைச் சுற்றியதும்தான் சொந்தக்காரர்களைப் பற்றி ஆரம்பிப்பார்கள். அப்போது எடுக்கிற அளவை நான் நம்புவதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம், தாடை. கன்னத்தில் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். கட்டி போலத் திரள்கிறதே, அந்தத் தசைதான் இரவெல்லாம் வேலை செய்கிறது. பகலில் உதடு மூடியிருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டாமல் இருக்க வேண்டும். பாத்திரம் கழுவும்போது இதைக் கவனியுங்கள். இரவில் போட்டுக்கொள்ளும் பல் கவசம் பற்றிப் பல் மருத்துவரிடம் கேளுங்கள். அது கடிப்பதை நிறுத்தாது, பல் தேயாமல் காக்கும்.