மோதல் கணக்கு: பௌதிகவியல் சேரிட்ட கேட்டவை

கிளிநொச்சி: சேர், கணத்தாக்கு, அதுதான் விசையை நேரத்தால பெருக்கினா வாற உந்த மாற்றம், ஏ.எல்லில படிச்சனாங்கள். அதுக்கும் ஹெல்மெற்றுக்கும் என்ன சம்பந்தம்?

எல்லாச் சம்பந்தமும் அதுதான் தம்பி. ஹெல்மெற் போட்டாலும் போடாட்டிலும் தலையின்ர உந்தம் (திணிவை வேகத்தால பெருக்கினது) பூச்சியமாகத்தான் போகுது, எவ்வளவு நேரத்தில, எவ்வளவு தூரத்தில நிக்குது எண்டதுதான் மாறும். 1.6 மீற்றர் உயரத்தில இருந்து தலை தார் றோட்டில விழுந்தா செக்கனுக்கு 5.6 மீற்றர் வேகத்தில அடிபடும், வெறுந்தலை எண்டா சில மில்லிமீற்றருக்குள்ள நிண்டிடும், அமர்முடுகல், அதாவது வேகம் குறையிற வீதம், புவியீர்ப்பைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. உள்ளுக்க இருக்கிற ரெஜிபோம் 2.5 சென்ரிமீற்றர் நசுங்கிக் குடுத்தா விழுந்த உயரம் 1.6 ஐ நசுங்கின தூரம் 0.025 ஆல பிரியுங்கோ, சராசரி 64 மடங்குதான். ஆனா நாடாவைப் பூட்டோணும், இல்லாட்டி ஹெல்மெற் ஒரு பக்கம் தலை ஒரு பக்கம்.

வவுனியா: விழுந்த ஹெல்மெற், வெளியில கீறல்கூட இல்லை, பாவிக்கலாமோ?

ஏலாது. நசுங்கின ரெஜிபோம் திரும்பி வராது, வெளியில பாத்துச் சொல்லவும் ஏலாது.

மாங்குளம்: ஏ9 றோட்டில மணிக்கு 60 கிலோமீற்றரில வாற ரெண்டு கார் நேருக்கு நேர் மோதினா, 120 இல சுவரில மோதின மாதிரித்தானே?

இல்லை. ரெண்டும் ஒரே திணிவு எண்டா ஒவ்வொண்டும் 60 இல இருந்து 0 க்கு வருது, 60 இல அசையாத சுவரில மோதினதும் அதேதான்.

புதுக்குடியிருப்பு: சார்பு வேகம் 120 எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்!

படிப்பிச்சனான், இப்பவும் 120 தான். அந்தச் சக்தியை ரெண்டு காரின்ர முன்பக்கமும் பங்கு போட்டு நசுங்குதே, அதை விட்டிட்டீங்கள்.

மாங்குளம்: அப்ப டிப்பரும் பைக்கும்?

இதுதான் கேள்வி! டிப்பர் 20 தொன், பைக்கும் ஆளும் 200 கிலோ, ரெண்டும் 60 இல நேருக்கு நேர். ஒட்டிக்கொண்டு போகுது எண்டு வைச்சா மோதினாப் பிறகு வேகம் 58.8. டிப்பருக்கு மாற்றம் 1.2, பைக்காரனுக்கு கிட்டத்தட்ட 119. விசை ரெண்டுக்கும் ஒரே அளவுதான், ஆருக்கு வேகம் கூட மாறும் எண்டதைத் திணிவுதான் தீர்மானிக்குது. இந்த இடத்தில மட்டும் உங்கட 120 சரி.

மல்லாவி: பழைய காரெல்லாம் இரும்பு. இப்பத்தையான் தொட்டா நசுங்குது, ஏமாத்து வேலை.

நசுங்கத்தான் செய்தது அண்ணை. பேலா பரேனி எண்டவர் யோசிச்சு வைச்சதை 1959 இல மெர்சிடிஸ் காரில போட்டவை, முன்பக்கம் நசுங்கும், ஆள் இருக்கிற அறை நசுங்காது. 60 இல மோதி 60 சென்ரிமீற்றர் நசுங்கினா சராசரி அமர்முடுகல் புவியீர்ப்பைப் போல 24 மடங்கு, 10 சென்ரிமீற்றர்தான் எண்டா 140. இரும்பு தப்பும், உள்ளுக்க இருக்கிறவர்? சீற் பெல்ற் போட்டிருந்தாத்தான் இந்தக் கணக்கும்.

பரந்தன்: இரவில மாடு றோட்டில படுத்திருக்கு. பிரேக்கோ, வெட்டுறதோ?

பிரேக். 60 இல இருந்து 40 க்கு இறங்கினாலே இயக்கசக்தி 44 வீதம்தான் மிஞ்சும். 60 எண்டா என்னெண்டு தெரியுமோ, 14 மீற்றர் தென்னை வட்டுக்க இருந்து விழுறது. வெட்டினா எதிர்ல வாறவன்ர சில்லுக்குள்ளதான். நாடா பூட்டினீங்களோ?

ஒட்டுசுட்டான்: யானை எண்டா?

தூரத்தில நிண்டு லைற்றைக் குறைச்சிட்டு நில்லுங்கோ. மிச்சத்தை வனசீவராசிகள் திணைக்களத்திட்ட கேளுங்கோ.

முள்ளியவளை: இன்சூரன்ஸ் காசு...

நான் பௌதிகவியல் சேர்.

நெடுங்கேணி: விழுந்த ஹெல்மெற், ஆனா ஒருக்காத்தான் விழுந்தது...

வவுனியாவுக்குச் சொன்னதை வாசியுங்கோ.

புதுக்குடியிருப்பு: எண்டாலும் சேர், 120...

நாளைக்குப் பேப்பரும் பேனையும் கொண்டு வாரும்.