தோட்டப் பகுதியில் ஒரு குடும்பமே கொலையானபோது பொலிஸ் விசாரணை எப்படி நடந்தது? நம் ஆட்கள் ஏன் வாயே திறப்பதில்லை?

கேள்வி கேட்டவர் கொழும்பில் வளர்ந்தவர். மலையகத்தில் பெரிய குற்றம் ஏதும் நடந்தால் "யாருக்கும் ஒன்றும் தெரியாது" என்றே செய்தி வருகிறது, உண்மையிலேயே தெரியாதா, மறைக்கிறார்களா, பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறார். நான் பக்கத்தில் இருந்தேன். அந்த வாக்குமூலங்களில் பாதி என் வாய் வழியாகத்தான் பொலிஸ் புத்தகத்துக்குப் போனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். நுவரெலியா மாவட்டத்தில் ஒரே தெருவும் ஒரு கோயிலும் உள்ள சின்ன டவுன், சுற்றிலும் தோட்டங்கள். அது போதும்.

2006 டிசம்பர். தோட்டமெல்லாம் வேலைநிறுத்தம். நாள் சம்பளத்தை 300 ரூபாவாக்கச் சொல்லிக் கேட்டார்கள். அப்போது எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்தே 200 ரூபாவைத் தொடவில்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் ஆள் இல்லை, ஃபெக்டரியில் சத்தம் இல்லை, கொழுந்து முற்றி மலை கரும்பச்சையாக நின்றது. அந்த நாட்களில் ஓர் இரவில் டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஐயாவையும் அவர் மனைவியையும் பதினாறு வயது மகனையும் கடைக்கு மேலே இருந்த வீட்டிலேயே வெட்டிப் போட்டிருந்தார்கள். மூத்த மகள் கண்டியில் தங்கிப் படித்ததால் அவள் மட்டும் மிஞ்சினாள். கொலையைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். அந்தத் தம்பி எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவன்.

நான் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன், டவுனில் ஒரு பாமசியில் வேலை. அங்கே நின்று நின்று சிங்களம் நன்றாக வந்துவிட்டது. நிலையத்தில் தமிழ் தெரிந்த ஒரே கான்ஸ்டபிள் லீவில் போயிருந்தார். பெண்களிடம் கேட்பதற்கு ஒரு பெண் வேண்டும் என்று சார்ஜன்ட் என்னைத் தேடி வந்தார். "நங்கி (தங்கச்சி), ரெண்டு நாள் வேலை" என்றார். ஒன்பது நாள் ஆனது.

விசாரணை நடந்த இடம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம். வேலைநிறுத்தம் என்பதால் பிள்ளைகள் வரவில்லை, இடம் சும்மா கிடந்தது. முழங்கால் உயரத்துக்குச் சின்னக் கதிரைகள், கூரைக் கம்பியில் சேலைத் தொட்டில்கள், சுவரில் பூசணிக்காய்ப் படம். சார்ஜன்ட் குட்டி மேசையில் குனிந்து உட்கார்ந்து எழுதுவார். வருகிறவர்களுக்குக் கதிரை காட்டினாலும் உட்கார மாட்டார்கள். தலையில் போட்ட கொங்காணியை எடுத்துக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசுவார்கள். வாசலில் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை நிற்பார். அவர் ஏன் அங்கே நின்றார் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உள்ளே ஒருவர் சொல்வது எல்லாம் அவர் காதில் விழும், அங்கிருந்து தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவுக்குப் போகும் என்பது நின்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதல் நாளே லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வீடு வீடாகப் போய்க் கவ்வாத்துக் கத்திகளை எல்லாம் சேர்த்துக் கொண்டுவந்து பிரட்டுக்களத்தில் சாக்கை விரித்து வரிசையாக அடுக்கினார்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கத்தி அது. ஆண்கள் இருக்கிற வீட்டில் ஒன்றாவது இருக்கும். கைப்பிடியில் சூட்டுக்கோலால் அவரவர் அடையாளம் போட்டிருப்பார்கள். எங்கள் தாத்தாவின் கத்தியும் அந்த வரிசையில் இருந்தது. பிடி தேய்ந்து அவர் கைக்கு மட்டுமே பொருந்துகிற மாதிரி வளைந்திருக்கும். வேலை செய்கிற சாமான் ஒரே காலையில் ஆயுதம் ஆகிவிட்டது. தாத்தா அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

அப்புறம் கடைக் கொப்பி. ஐயா கடன் எழுதி வைத்த நீளமான சீஆர் கொப்பி இரண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். மா, சீனி, பருப்பு, மண்ணெண்ணெய், நெத்தலி. சம்பளம் வராத நாட்களில் அந்தப் பக்கங்கள் மளமளவென்று நிரம்பியிருந்தன. பழைய பாக்கியைத் தராமல் இனிக் கடன் இல்லை என்று ஐயா இரண்டு நாள் முன்னால் சொல்லிவிட்டார். கடை வாசலில் சத்தம் நடந்தது உண்மை. பொலிஸுக்கு இது போதுமாக இருந்தது. வேலைநிறுத்தம், கடன், கோபம், கத்தி. கொப்பியில் பெயர் இருந்த எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட்டார்கள். கொப்பியே சந்தேக நபர்களின் பட்டியல் ஆனது.

நான் இன்றைக்கும் மறக்காத வாக்குமூலம் தொங்கல் லயத்து (கடைசி லயத்து) அக்கா ஒருவருடையது. அவர் சொன்னது இதுதான்: "ஐயா கடன் இல்லேன்னுட்டாரு. எங்க வீட்டுக்காரரு பொங்கலுக்குள்ள அவரு கணக்க முடிச்சிரணும் முடிச்சிரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு." தோட்டத்தில் பிறந்த எவருக்கும் இதன் பொருள் தெரியும். கடைக் கணக்கை முடிப்பது என்றால் பாக்கியைக் கட்டிப் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடைப்பது. பொங்கலுக்குப் புதுப் பக்கம் தொடங்க வேண்டும் என்பது ஒரு மானப் பிரச்சினை. ஆனால் சார்ஜன்டுக்கும் கொஞ்சம் தமிழ் வரும், சினிமா பார்த்துப் பழகிய தமிழ். படத்தில் "அவன் கணக்கை முடி" என்றால் என்ன அர்த்தமோ அதையே அவர் எடுத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே பேனை ஓடத் தொடங்கிவிட்டது. "இல்லை மாத்தயா, கடனைக் கட்டுவதைத்தான் சொல்கிறார்" என்று இரண்டு தடவை சொன்னேன். "சரி சரி" என்றார். எழுதியதை அடிக்கவில்லை. அக்கா பெருவிரலை மையில் அழுத்தி வைத்தார். அன்று மாலையே அவர் கணவரை ஜீப்பில் ஏற்றினார்கள். அவசரகாலச் சட்டம் இருந்த காலம். 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும் என்று கேட்கவே யாருக்கும் துணிவு வரவில்லை.

அடுத்த நாளிலிருந்து "தெரியாதுங்க" மட்டும்தான். கிழவி, குமரி, எல்லோருக்கும் ஒரே பதில். வெளியே இருந்து பார்த்தால் மறைக்கிற மாதிரித்தான் இருக்கும். அக்கா ஒளிக்காமல் பேசினார், அவர் புருஷன் உள்ளே போனார். இதைக் கண்ணால் கண்ட பிறகு யார் பேசுவார்கள்?

இதற்குப் பின்னால் பழைய நினைவும் இருக்கிறது. அம்மாச்சி எனக்குச் சின்ன வயதில் சொன்ன கதைகளில் ராஜா ராணி குறைவு. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் செத்தது, அடுத்த வருடம் ஸ்டெலன்பர்க் தோட்டத்துத் துரை போப் கொலையானதும் இரண்டு தொழிலாளர்களைத் தூக்கில் போட்டது, 1977இல் டெவன் தோட்டத்தில் காணிக்காக நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கியில் விழுந்தது, இவைதான் கதைகள். வேலைநிறுத்த நேரத்தில் பொலிஸ் வந்தால் யாரோ ஒருவர் வீட்டுக்குத் திரும்ப மாட்டார் என்று வீட்டுக்கு வீடு தெரிந்து வைத்திருந்தார்கள். அதோடு 1948இல் குடியுரிமை பறிபோன சனம். 2006இலும் அடையாள அட்டை இல்லாதவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருந்தார்கள். சாட்சி சொல்லப் போனால் முதல் கேள்வியே "அட்டை எங்கே" என்பது. அதற்கே பதில் இல்லாதவர் மற்றதை எப்படிச் சொல்வார்?

ஆனால் பேசாமல் இருந்தார்களா? பொதுத் தண்ணீர்க் குழாயான பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது எல்லாம் பேசினார்கள். லயத்துக் காம்பராக்களின் இடைச்சுவர் பல இடங்களில் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். ஊருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

அதில் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டாம் நாள் ஒரு மாமி, அவருக்கு ஆஸ்துமா, இரவில் தூக்கம் வராது, சொன்னார்: "விடியகாத்தால லொறிச் சத்தம் கேட்டுச்சு பாப்பா. லைட்ட அணைச்சிட்டு எறங்குச்சு." நான் மொழிபெயர்த்தேன். டவுனுக்கு லொறி வருவது வழக்கம்தானே என்று சார்ஜன்ட் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அடுத்த கேள்வி, எல்லோரிடமும் கேட்ட அதே கேள்வி: சங்கக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், யார் சத்தம் போட்டார்கள்? வேலைநிறுத்தத்தால் ஒரு வாரமாகத் தேயிலை லொறியே ஓடவில்லை, சரக்கு லொறி வருகிற நாளும் அது இல்லை. எனக்கு அது தெரியும். "இதை எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வயது, பொலிஸ், பயம். சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் கொழும்பில் ஓர் அடகுக் கடையில் அந்த அம்மாவின் தாலிக்கொடி பிடிபட்டது. கடைக்கு முன்பு சரக்கு ஏற்றி வந்த லொறியோடு சம்பந்தப்பட்ட வெளியூர்க்காரர்கள் இருவர். நகை, காசு. தோட்டத்துக்கும் வேலைநிறுத்தத்துக்கும் தொடர்பே இல்லை. மாமி சொன்னதை இரண்டாம் நாளே எழுதியிருந்தால் அக்காவின் கணவர் அத்தனை நாள் உள்ளே கிடந்திருக்க மாட்டார். திரும்பி வந்தபோது அவருக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை. கேட்டால் "விழுந்துட்டேன்" என்பார்.

அந்தச் சார்ஜன்ட் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். குருநாகல் பக்கத்துக்காரர். இரண்டு இரவு தூங்காமல் எழுதியிருக்கிறார். நடுங்கிக்கொண்டு வந்த ஒரு கிழவிக்குத் தன் பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தார். ஆனால் வேலைநிறுத்தத்தில் இருந்துதான் கொலை வந்திருக்கும் என்று மேலே முடிவாகிவிட்டது. அவர் அதற்குச் சாட்சி தேடினார். கொலைக்குச் சாட்சி தேடவில்லை.

இனி, உங்கள் வீட்டில் யாரையாவது இப்படிக் கூப்பிட்டால் தெரிந்திருக்க வேண்டியது. இதை நான் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவின்படி, எழுதிய வாக்குமூலத்தைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எழுதிய மொழி அவருக்கு விளங்காவிட்டால் விளங்குகிற மொழியில் சொல்ல வேண்டும். விளக்கம் சொல்லவும் சேர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. "வாசிச்சுக் காட்டுங்க, தமிழ்ல சொல்லுங்க, அப்புறம் கையெழுத்து வைக்கிறேன்" என்று கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது. தமிழ் 1987இலிருந்து இந்த நாட்டின் அரசகரும மொழி. பொலிஸுக்குக் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றம் அப்படியே சாட்சியமாக எடுக்காது. ஆனால் பின்னால் நீங்கள் வேறுவிதமாகச் சொன்னால் "அன்று இப்படிச் சொன்னீர்களே" என்று காட்ட அதையே எடுப்பார்கள். அதனால்தான் ஒரு சொல் தப்பாக விழுந்தாலும் ஆபத்து. வாசலில் தோட்ட உத்தியோகத்தர் யாரும் நின்றால், அவரைப் போகச் சொன்னால்தான் பேசுவேன் என்று கேளுங்கள். சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் 2015இல் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாகப் புதியது வந்திருக்கிறது. பிடித்துக்கொண்டு போனவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே சொல்லாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

வேலைநிறுத்தம் கேட்ட 300 கிடைக்காமலே முடிந்தது. தை மாதம் ஐயாவின் மகள் வந்து கடையைத் திறந்தாள், மிச்சச் சரக்கை விற்றுவிட்டுப் போவதற்காக. முதல் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் வரிசை நின்றது. கொப்பி இரண்டும் வழக்குச் சாமானாக நீதிமன்றத்தில் இருந்தன. யார் எவ்வளவு தர வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொருவராக வந்து தங்கள் கணக்கைத் தாங்களே சொன்னார்கள், அவள் புதுக் கொப்பி ஒன்றில் பெயரை எழுதிக் கோடு போட்டாள். தொங்கல் லயத்து அக்கா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து எண்ணி வைத்தார். அவருக்குப் பின்னால் நின்ற எங்கள் அம்மா சொன்ன தொகை 1,340 ரூபா.