காரைக்குடி பக்கம் பழைய வீட்டு அடுப்படிய கம்மி பட்ஜெட்ல மாத்தறது எப்படி?

ஐயா காலத்து வீடு, புகையடிச்ச அடுப்படி, கையில ஒன்றரை லட்சம், மொத்தமா இடிச்சிட்டு கட்டவான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு இடிக்காதீங்க. முதல் காசு வயரிங்குக்கும் தண்ணி பைப்புக்கும்தான், அதை விட்டுட்டு டைல்ஸ் ஒட்டினா மறுபடி உடைக்க வேண்டி வரும்.

சுண்ணாம்பு சுவரா இருந்தா அது மேல சிமெண்ட் பூசாதீங்க, உள்ள இருக்கற ஈரம் வெளிய வர வழியில்லாம பூச்சு உப்பி பெயர்ந்து வந்துரும், புகைக்கறைய சுரண்டி கழுவிட்டு சுண்ணாம்பே அடிங்க போதும்.

தரைக்கு ஆத்தங்குடி கல்லு தாராளமா போடலாம். ஆனா சமையல் மேடைக்கு வேணாம், அது சூளையில சுடாத கல்லு, கண்ணாடி மேல கலரை ஊத்தி சிமெண்டும் மணலும் போட்டு தண்ணியில ஊறவெச்சு எடுக்கறது, அதனால புளிப்பு பட்டா தாங்காது. எங்கம்மா எலுமிச்சை பிழிஞ்ச இடத்துல சொட்டு சொட்டா விழுந்த வெள்ளைத் தடம் இன்னமும் அப்படியே இருக்கு, எவ்ளோ தேய்ச்சும் போகல! மேடைக்கு கருப்பு கிரானைட்தான் சரி. சமைக்கறவங்க நின்னா முழங்கைக்கு நாலு விரக்கடை கீழ மேடை வரணும், இதை கொத்தனார்கிட்ட விடாம நீங்களே அளந்து சொல்லுங்க.

மாடுலர் கிச்சன் இப்ப வேணாங்க. கடப்பா கல்லுல தட்டு அடிச்சு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைகள்ல தேக்கு கதவு தேடிப் பாத்து மாட்டுங்க, கரையான் அரிச்சிருக்கான்னு மட்டும் தட்டிப் பாத்து வாங்குங்க.