தண்டாலா, டம்பெல்லா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தினமும் 60 தண்டால் எடுக்கிறேன். முதல் இரண்டு மாதம் மார்பு ஏறியது, அப்புறம் அப்படியே நிற்கிறது. ஜிம்முக்குப் போனால்தான் வளருமா?

15 வீதம் நாலு செட்டாக எடுக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 30 எடுக்கத் தெம்புள்ளவர் 15-இல் நிறுத்தினால் தசைக்கு அதில் வேலையே இல்லை. ‘இனி ஒன்றோ இரண்டோதான் முடியும்’ என்கிற இடம்வரை ஒவ்வொரு செட்டும் போக வேண்டும். அந்த இடம் 8-இல் வந்தாலும் 25-இல் வந்தாலும் வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றுதான். 30-ஐத் தாண்டினால் எரிச்சலும் சலிப்பும்தான் மிச்சம்.

ஆகவே எண்ணிக்கையை விடுங்கள், பளுவைக் கூட்டுங்கள். சாதாரணத் தண்டாலில் உடல் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இறங்கும். கால்களை ஸ்டூல்மேல் வைத்தால் அது இன்னும் ஏறும். அதுவும் லேசாகிவிட்டால் முதுகில் ஒரு பை; உள்ளே லிட்டர் தண்ணீர் பாட்டில்கள், ஒன்றுக்கு ஒரு கிலோ கணக்கு. வாரை நெஞ்சோடு இறுக்கிக் கட்டாவிட்டால் பை கழுத்துக்குச் சரியும். இறங்க மூன்று விநாடி எடுங்கள். இடுப்பு தொய்ந்தால் செட் முடிந்தது. தினமும் வேண்டாம், வாரம் மூன்று நாள் போதும்.

வீட்டில் முதுகுக்கு என்ன செய்வது?

வீட்டுப் பயிற்சி கோட்டை விடும் இடம் இது. தள்ளுவதற்குத் தரை போதும், இழுப்பதற்குப் பிடிமானம் வேண்டுமே! கதவு நிலையில் திருகி முட்டுக்கொடுக்கும் கம்பி வழுக்கலாம். சுவரில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்துவதே மேல். கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப் ஒன்றுகூட வரவில்லையா? ஸ்டூலில் ஏறித் தாடையைக் கம்பிக்குமேல் வைத்து, ஐந்து விநாடியில் மெல்ல இறங்குங்கள். ஐந்து முறை, மூன்று செட். கம்பி இல்லாதவர்கள் 10 கிலோ அரிசியைத் தோள்பையில் போட்டு, குனிந்து நின்று, முழங்கை விலாவை உரச இடுப்புப் பக்கம் இழுக்கலாம்.

யூடியூப் பார்த்து 40 நிமிடம் செய்கிறேன். வியர்வை கொட்டுகிறது, எடை குறைகிறது, கையும் சேர்ந்து இளைத்துவிட்டது.

20 விநாடி ஓய்வில் அடுத்த செட் என்றால் தசை களைக்கும் முன்பே மூச்சு வாங்கிவிடும். செட்டுக்கு இடையே இரண்டு நிமிடம் உட்காருங்கள். புரதத்தையும் பாருங்கள்: தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம், அதாவது 65 கிலோ ஆளுக்குச் சுமார் 105 கிராம். நாலு முட்டையில் 24 கிராமும், 50 கிராம் சோயா உருண்டையில் 25 கிராமும் கிடைக்கும். இட்லி-சாம்பாரை மட்டும் நம்பினால் பாதிகூடத் தேறாது.

பஸ்கி 100 போட்டும் தொடை பருக்கவில்லையே?

நூறு போட முடிகிறதென்றால் அது உங்களுக்குப் பளுவே இல்லை. பின்னங்காலைக் கட்டில் விளிம்பில் வைத்து ஒற்றைக்காலில் இறங்குங்கள். அதுவும் 20-ஐத் தாண்டினால், இரு முனையிலும் எடை மாட்டும் நீளக் கம்பியான பார்பெல்தான் வழி. ஜிம்முக்குக் காசு கட்டுவதானால் காலுக்கும் முதுகுக்கும் கட்டுங்கள். மார்புக்காகக் கட்டத் தேவையில்லை.

ஜிம்மில் 7.5 கிலோ டம்பெல் லேசாக இருக்கிறது, 10 கிலோ தூக்க வரவில்லை.

ஒரே தாவலில் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, வராதுதான். 7.5-லேயே ஒரு செட்டுக்கு 8 முறையிலிருந்து 15 வரை ஏற்றுங்கள், பிறகு 10-ஐத் தொடுங்கள். முதல் வாரம் ஆறுதான் வரும், பரவாயில்லை.