மிளகாய் ஜெல்லி இறுகலையா? முதல்ல செடியோட இலையைத் திருப்பிப் பாருங்க

கேள்வி: சார், வீட்டுத் தோட்டத்துல 14 மிளகாய்ச் செடி இருக்கு. பழம் நிறைய வந்துச்சு, வீணாப் போக வேணாம்னு மிளகாய் ஜெல்லி போட்டேன். குறிப்புல ஒண்ணரை கப் வினிகர், 5 கப் சர்க்கரைன்னு இருந்துச்சு. நெடி தாங்கலைன்னு வினிகரை முக்கால் கப்பாவும் சர்க்கரையை 3 கப்பாவும் குறைச்சேன், அப்புறம் எல்லாத்தையும் டபுளாக்கி ஒரே பாத்திரத்துல காய்ச்சினேன். 10 நாளாச்சு, அலமாரில இருக்குற 9 பாட்டிலும் சிரப் மாதிரியே இருக்கு. இன்னொரு பாக்கெட் பெக்டின் (ஜெல்லியை இறுக வைக்கிற பொருள்) போட்டு திரும்ப கொதிக்க வச்சா சரியாகுமா? பழத்துல அங்கங்க புள்ளி இருந்துச்சு, அந்த இடத்தை வெட்டிட்டுதான் போட்டேன். பறிக்கிறதுக்கு 4 நாள் முன்னாடி இலை கீழ்நோக்கி சுருண்டுச்சுன்னு கடைக்காரர் குடுத்த மருந்து அடிச்சேன், ஆனா உப்புத்தண்ணில நல்லா கழுவிட்டேன்.

பதில்: தம்பி, ஜெல்லி ஏன் இறுகலைன்னு கேட்டிருக்கீங்க, அதை சொல்லிடறேன். ஆனா உங்க கடிதத்துல முக்கியமான சேதி கடைசி ரெண்டு வரிலதான் இருக்கு, அதை நீங்க சும்மா போற போக்குல எழுதியிருக்கீங்க.

இறுகாததுக்குக் காரணம் மூணும் நீங்க பண்ணதுதான். சாதாரண பெக்டின் இறுகணும்னா அதுக்கு நல்ல புளிப்பும் வேணும், மொத்த எடைல 60 சதவீதத்துக்கு மேல சர்க்கரையும் வேணும். மிளகாய்ல புளிப்பும் கிடையாது, சொல்லிக்கிற அளவுக்கு பெக்டினும் கிடையாது, அதனாலதான் அவ்வளவு வினிகரும் சர்க்கரையும். நீங்க ரெண்டையும் வெட்டிட்டீங்க. டபுளாக்கினது மூணாவது தப்பு, பெரிய பாத்திரம் கொதி வரவே ரொம்ப நேரம் எடுக்கும், அவ்வளவு நேரம் சூட்டுல கிடந்தா பெக்டின் உடைஞ்சு போகும். ஒரு தடவைக்கு ஒரு அளவுதான். பவுடர் பெக்டின்னா சர்க்கரைக்கு முன்னாடி, லிக்விட் பெக்டின்னா சர்க்கரை கொதிச்ச பிறகு, கிளறினாலும் அடங்காத கொதி வந்ததும் கடிகாரம் பாத்து 1 நிமிஷம், அவ்வளவுதான். சர்க்கரை கம்மியா வேணும்னா அதுக்குன்னே கால்சியத்தோட சேர்ந்து இறுகுற பெக்டின் தனியா இருக்கு, அதை வாங்குங்க.

ஆனா இந்த 9 பாட்டிலைத் திரும்ப கொதிக்க வைக்காதீங்க. திறக்கவே வேணாம், அப்படியே குப்பைல போடுங்க. வினிகர் ருசிக்கு ஊத்துறதில்ல தம்பி. மிளகாயோட பிஎச், அதாவது புளிப்பைக் காட்டுற எண் (எண் குறைஞ்சா புளிப்பு கூட), 4.6-க்கு மேல, அந்த அளவுக்கு மேல காத்து புகாத பாட்டில்ல பொட்டுலிசம்ங்கிற உயிருக்கே ஆபத்தான நோயைக் கொண்டு வர்ற விஷத்தை உண்டாக்குற கிருமி வளர இடம் இருக்கு, அதோட வித்து, அதாவது உறை போட்டு உறங்குற வடிவம், சாதா கொதிநீர்ல சாகாது. 5 சதவீதம் அமிலம்னு போட்டிருக்குற வினிகரை முழு அளவு ஊத்தினாத்தான் அந்தக் கோட்டுக்குக் கீழ வர முடியும். நெடி பிடிக்கலைன்னா காய்ச்சும்போது ஜன்னலைத் திறந்து வைங்க, அளவைக் குறைக்காதீங்க.

இப்ப நீங்க கேட்காத கேள்விக்கு வர்றேன்.

இலை கீழ்நோக்கி சுருண்டுச்சுன்னு எழுதியிருக்கீங்க. மேல்நோக்கி படகு மாதிரி சுருண்டா அது இலைப்பேன், கீழ்நோக்கி கவுந்து சுருண்டா அது செடிச் சிலந்தி (ரொம்பப் பொடியான எட்டுக்கால் உயிர்), மஞ்சள் முரணைச் சிலந்தின்னு சொல்வாங்க. ஒரு கொழுந்து இலையைக் கிள்ளித் திருப்பி வெளிச்சத்துல பிடிங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, லென்ஸ் வச்சுப் பாத்தா அடிப்பக்கம் நரம்பு ஓரமா மஞ்சளா, கண்ணாடி மாதிரி அந்தச் சிலந்தி நகரும். இலைக்காம்பு எலிவால் மாதிரி நீண்டிருக்கும். இதைப் பாக்க 2 நிமிஷம் போதும், கடைக்காரர் பாத்தாரா? பாத்திருக்க மாட்டார். செடி சுருட்டுன்னு சொன்ன உடனே கை அலமாரிக்குப் போயிருக்கும். அவர் என்ன குடுத்தார்னு நீங்க எழுதல, ஆனா இப்படிக் கேக்குறவங்களுக்கு பெரும்பாலும் எடுத்துக் குடுக்குறது இமிடாகுளோப்ரிட் மாதிரி சாறு உறிஞ்சுற பூச்சிக்கான மருந்து, கூடவே ஒரு டானிக், கூடவே ஒரு பூஞ்சை மருந்து. இமிடாகுளோப்ரிட் சிலந்திக்கு வேலை செய்யாது, ஏன்னா சிலந்தி பூச்சியே கிடையாது. சில நேரம் சிலந்தி அதுக்கப்புறம் கூடவும் செய்யும். ஆக காசு போச்சு, சுருட்டும் போகல, பழத்துல மருந்து மட்டும் ஏறியிருக்கு.

உப்புத்தண்ணில கழுவினேன்னு சொல்றீங்களே, மேல ஒட்டிக்கிட்டிருக்கிற தூசும் மருந்தும் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். ஊடுருவிப் பாயுற மருந்து தோலுக்குள்ள சதைக்குள்ள போயிருக்கும், உப்பு என்ன மஞ்சள் என்ன, எதுல கழுவினாலும் வெளிய வராது. ஒவ்வொரு மருந்து லேபிள்லயும் அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாள்னு ஒரு எண் இருக்கும், பொடி எழுத்துல. அந்த எண் பயிருக்குப் பயிர் மாறும், மிளகாய்க்கு எவ்வளவுன்னு பாக்கணும், மிளகாய் பேரே லேபிள்ல இல்லைன்னா அடிக்கவே கூடாது. மூணு மருந்து கலந்து அடிச்சா மூணுல எது பெரிய எண்ணோ அதுதான் உங்க கணக்கு. "ரெண்டு நாள் போதும் சார்"னு கவுண்டர்ல நின்னுக்கிட்டு சொல்றவர் லேபிளைப் படிக்கல, உங்களை அனுப்பி வைக்கப் பாக்குறார். லேபிள் இல்லாம பிரிச்சு சின்ன பாட்டில்ல ஊத்திக் குடுத்தா வாங்காம வந்துடுங்க. நான் எல்லாருக்கும் சொல்றது, பாட்டில்ல அடைக்கப்போற பழம்னா பூ எடுத்த நாள்ல இருந்தே அந்தச் செடிக்கு ஊடுருவும் மருந்து கிடையாது. 14 செடில 4 செடியை ஜெல்லிக்குன்னு ஒதுக்கி தண்டுல ஒரு நூல் கட்டி வைங்க, அந்த நாலுக்கு மட்டும் அந்த மருந்து அடிக்காதீங்க. கெடுபிடியா இருக்குன்னு சிலபேர் கோவிச்சுக்கிறாங்க, பரவாயில்ல.

சிலந்திக்கு என்ன பண்றது? சுருண்ட கொழுந்தைக் கிள்ளி கவர்ல போட்டு வெளியேத்துங்க. மீறிப் போனா நனையும் கந்தகம் (தண்ணில கலந்து தெளிக்கிற கந்தகத்தூள்), லேபிள்ல இருக்குற அளவு, இலையோட அடிப்பக்கம் நனையுற மாதிரி, சாயங்காலத்துல. வெயில்ல அடிச்சா இலை கருகும், வேப்பெண்ணெய் அடிச்ச சூட்டோட இதையும் அடிச்சாலும் கருகும். யூரியாவை நிறுத்துங்க, கொழுகொழுன்னு தழையுற கொழுந்துதான் சிலந்திக்கு விருந்து.

புள்ளி விஷயம். வட்டமா குழி விழுந்து, உள்ள வளையம் வளையமா, நடுவுல இளஞ்சிவப்பு மாவு மாதிரி இருந்தா அது பழ அழுகல் நோய். அந்தப் பழத்தை வெட்டி நல்ல பக்கத்தை எடுக்குற வேலையே வேணாம், நீளவாக்குல பொளந்து பாருங்க, வெளிய ஒரு பொட்டுதான் இருக்கும், உள்ள விதை கறுத்து சாம்பல் பூத்திருக்கும். ஜெல்லிக்கு முழுசா செவந்த, காம்பு பச்சையா இருக்குற, ஒரு மரு இல்லாத பழம் மட்டும். குடைமிளகாய் ரெண்டு செடி சேத்துக்கோங்க, கலரும் சதையும் அது குடுக்கும், காரத்துக்கு மட்டும் மிளகாய்.

காரம் விதைல இல்ல, உள்ள இருக்குற வெள்ளை நரம்புலதான், அதை எவ்வளவு வழிக்கிறீங்களோ அவ்வளவு குறையும். கையுறை போட்டுக்கோங்க. நான் ஒரு தடவை வெறும் கையால 2 கிலோ நறுக்கிட்டு கண்ணைத் தொட்டேன், அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் வீட்ல யாரும் என்கிட்ட பேசல, நான்தான் கத்திக்கிட்டு இருந்தேன். காரம் தண்ணில கரையாது, முதல்ல எண்ணெய் தடவித் தேச்சு அப்புறம் சோப்பு.

இப்ப செடில இருக்குற பழத்தைப் பறிக்காதீங்க, மருந்துப் பாட்டிலைத் தேடி எடுத்து அந்த எண்ணைப் பாருங்க. பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டீங்கன்னா இந்தச் சுத்து பழம் மொத்தத்தையும் கீழ விட்டுட்டு, அடுத்த பூவுல இருந்து ஆரம்பிங்க. திரும்ப எனக்கு எழுதும்போது இலையோட அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்க, மேல்பக்கம் வேணாம்.